கோப்பும் படிவமும்: மேசைக்கணினித் தரவுத்தளச் செயலிகளின் வரலாற்றில் தமிழ்த் தரவு

ஆய்வுச் சுருக்கம்

மேசைக்கணினிச் செயலிகள் தரவுத்தளத்தோடு இணைந்து, அதன் பதிவுகளைப் படிவங்களில் காட்டிய முறை 1980 முதல் பலமுறை மாறியுள்ளது. டிபேஸ் தொடங்கி டாட்நெட் வரையிலான அம்மாற்றங்களை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. படிவம் தரவைக் காட்டும் சாளரம் மட்டுமன்று, தரவின் பொருளைத் தாங்கும் பகுதியும் ஆகும் என்னும் கருத்து, தமிழ்த் தரவின் நேர்வைக் கொண்டு இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச் சொற்கள்: தரவுத்தளம், படிவம், தரவுப் பிணைப்பு, டிபேஸ், விசுவல் பேசிக், குறியாக்கம், ஒருங்குறி.

முன்னுரை

தரவுத்தளத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1970ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவர். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தைச் சேர்ந்த எட்கர் காட், தரவுகளை உறவு அட்டவணைகளாகக் காணும் கோட்பாட்டை அவ்வாண்டில் வெளியிட்டார். பொறிக்குள் தரவு எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளது என்பதைப் பயனர் அறிந்திருக்க வேண்டிய கட்டாயம் கூடாது என்பது அக்கோட்பாட்டின் அடிப்படை. 1974இல் சேம்பர்லினும் பாய்சும் அறிமுகப்படுத்திய வினவல்மொழி, 1979இல் விற்பனைக்கு வந்த ஆரக்கிள் என்று அவ்வரலாறு மேலே செல்லும். இதில் படிவத்துக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. தளமே பொருள், படிவம் வெறும் முகப்பு என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

ஆனால் அலுவலக எழுத்தரும் நூலகரும் கணக்கரும் தரவுத்தளத்தை ஒருபோதும் நேரில் கண்டதில்லை. அவர்கள் கண்டது படிவத்தை மட்டுமே. ஐ.பி.எம்.மின் மோஷே சுலூஃப் 1970களின் நடுவில் முன்வைத்த 'எடுத்துக்காட்டு வழி வினவல்' இதை உணர்ந்த முயற்சியாகும். திரையில் வெற்று அட்டவணை ஒன்று தோன்றும். தமக்கு வேண்டியது எத்தகையது என்பதைப் பயனர் அதன் கட்டங்களில் நிரப்பிக் காட்டுவார். வினவலை அமைப்பது பொறியின் வேலை. ஆயினும் படிவம் மேசைமீது வந்து அமர்ந்தது பேரகக் கணினிகளின் வழியாக அன்று. அதன் பாதை வேறு.

டிபேஸ்: நிரலுக்குள் வரையப்பட்ட படிவம்

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப், அலுவலகக் கால்பந்துப் பந்தயத்தில் முடிவுகளைக் கணிப்பதற்காகத் தம் வீட்டில் எழுதிய செயலியே டிபேசின் தொடக்கம். 'வல்கன்' என்று அவர் பெயரிட்டிருந்த அதனை ஜார்ஜ் டேட்டின் ஆஷ்டன்-டேட் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் 'டிபேஸ் 2' என்னும் பெயரில் விற்றது. 1 என்றொரு பதிப்பே இருந்ததில்லை. ஒரு பதிவில் 32 புலங்களுக்கு மேல் அதில் வைக்க இயலாது. 1984இல் வந்த டிபேஸ் 3 அவ்வரம்பை 128 ஆக உயர்த்தியது. புலத்தின் பெயர் 10 எழுத்தைத் தாண்டலாகாது. ஒவ்வொரு புலத்தின் அகலமும் முன்கூட்டியே பைட்டுக் கணக்கில் வகுக்கப்பட வேண்டும்.

 டிபேசில் நிரலின் வரிகளே படிவம். 'அட்' என்ற குறியை அடுத்துத் திரையின் வரிசை எண்ணும் நிரல் எண்ணும் வரும். பின்னர் 'சே' என்ற சொல்லோடு காட்ட வேண்டிய தலைப்பு. அதன்பின் 'கெட்' என்ற சொல்லோடு நிரப்ப வேண்டிய புலம். இத்தகைய வரிகளை அடுக்கி இறுதியில் 'ரீட்' என்று எழுதினால் திரையில் கட்டங்கள் ஒளிரும். பயனர் ஒவ்வொன்றாக நிரப்பிச் செல்வார். பின்னாளில் தரவுப் பிணைப்பு என்று பெயர்பெற்ற கருத்து முழுவதும் இவ்வொரு வரியில் அடங்கியுள்ளது. எந்த இடம், எந்தத் தலைப்பு, எந்தப் புலம் என்ற மூன்றையும் அது கட்டிவிடுகிறது.

'கெட்' என்பதை அடுத்துப் புலத்தின் பெயரையே இட்டால், பயனர் தட்டுவது நேரே கோப்பில் போய் விழும். தவறாகத் தட்டியதும் விழும். ஆகவே அனுபவமுள்ள நிரலர்கள் முதலில் புலத்தின் மதிப்பை நினைவக மாறி ஒன்றுக்கு மாற்றி, அம்மாறியையே படிவத்தில் காட்டி, சரிபார்த்த பின்னர் 'ரீப்ளேஸ்' கட்டளையால் கோப்பில் எழுதினர். படிவத்தில் காண்பது மூலமா, படியா என்ற கேள்வி இங்கேயே எழுந்துவிட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த ஒவ்வொரு தொழில்நுட்பமும் அக்கேள்விக்கு வெவ்வேறு விடை கூறியதாகவே காண முடிகிறது.

ஆவணவியல் நோக்கில் டிபேசின் மற்றொரு கூறும் கருதத்தக்கது. பதிவை நீக்குமாறு கட்டளையிட்டால் அது அழிக்கப்படுவதில்லை. பதிவின் முதல் பைட்டில் வெற்றிடத்துக்குப் பதிலாக ஓர் உடுக்குறி இடப்படும், அவ்வளவே. 'பேக்' என்ற கட்டளை தரப்படும்வரை அப்பதிவு கோப்பிலேயே கிடக்கும். அடித்தல் திருத்தல்களோடு கூடிய கையெழுத்துப் பேரேட்டைப் படிக்கப் பழகிய ஆய்வாளருக்கு இது புதிதாகத் தோன்றாது.

விசுவல் பேசிக்கும் பிணைக்கப்பட்ட பெட்டியும்

ஆலன் கூப்பர் உருவாக்கி மைக்ரோசாஃப்டுக்கு விற்ற படிவ வடிவமைப்புக் கருவியைப் பேசிக் மொழியோடு சேர்த்ததன் விளைவாக 1991இல் விசுவல் பேசிக் வெளிவந்தது. அதன் முதற் பதிப்பில் தரவுத்தளத்தோடு இணைவதற்கான வசதி எதுவும் இல்லை. 1993இல் வந்த 3ஆம் பதிப்பு, ஆக்செஸ் மென்பொருளுக்காக ஆக்கப்பட்ட ஜெட் பொறியையும் 'தரவுக் கட்டுப்பாடு' என்ற புதிய உறுப்பையும் உடன்கொண்டு வந்தது. படிவத்தின்மேல் அந்த உறுப்பை வைத்து, எந்தத் தளம், எந்த அட்டவணை என்று இரண்டு பண்புகளில் குறித்து, பக்கத்திலிருக்கும் உரைப்பெட்டிக்கு எந்தப் புலம் என்று கூறிவிட்டால் போதும். ஒரு வரி நிரலும் எழுதாமல் பதிவு திரையில் தோன்றும். முதல், முந்தையது, அடுத்தது, கடைசி என்ற நான்கு அம்புக்குறிப் பொத்தான்களால் பதிவுகளிடையே நகரலாம்.

தமிழகத்தில் 1990களின் பிற்பகுதியில் கணினிப் பயிற்சி நிலையங்களில் பயின்ற ஒரு தலைமுறைக்குத் தரவுத்தளம் என்றால் இந்த நான்கு அம்புகளே. அவற்றின் எளிமைக்குள் மறைந்திருந்த முடிவொன்று அப்பயிற்சி ஏடுகளில் அழுத்திச் சொல்லப்படவில்லை என்றே கருதுகிறேன். பெட்டியிலுள்ளதைத் திருத்திவிட்டு அடுத்த பதிவுக்குச் செல்லும் அம்பை அழுத்தினால், திருத்தம் தானாகவே தளத்தில் சேமிக்கப்படும். சேமிக்கலாமா என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டுமானால் நிரலர் அதற்கெனத் தனி நிகழ்வு ஒன்றில் நிரல் எழுத வேண்டும். பார்ப்பதற்காகப் படிவத்தைத் திறந்தவர், தம்மை அறியாமலே அதைத் திருத்துபவராக மாற இங்கு வழி உண்டு.

இதே காலத்தில் வேறு இரு போக்குகளும் இருந்தன. பவர்பில்டரின் 'டேட்டாவிண்டோ' வினவலையும் தோற்றத்தையும் ஒரே பொருளாக்கி, மூல மதிப்பையும் திருத்திய மதிப்பையும் தனித்தனி இடைநிலை நினைவகங்களில் வைத்துக்கொண்டது. 1995இல் போர்லாண்ட் வெளியிட்ட டெல்ஃபி, வடிவமைக்கும்போதே உண்மைத் தரவைப் படிவத்தில் காட்டியது. நிரலை இயக்கிப் பார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தொழில்நுட்ப அளவில் இவ்விரண்டும் விசுவல் பேசிக்கைவிடச் செப்பமானவை என்பது என் மதிப்பீடு. பரவியது என்னவோ விசுவல் பேசிக்தான்.

இணைப்பின் மொழியும் மாறிக்கொண்டே வந்தது. 1989இல் அமைந்த எஸ்.கியூ.எல். அணுக்கக் குழுவின் வரைவை ஒட்டி மைக்ரோசாஃப்ட் 1992இல் ஓ.டி.பி.சி.யை வெளியிட்டது. செயலிக்கும் தளத்துக்கும் இடையே இயக்கி என்ற அடுக்கு ஒன்றை அது நிறுத்தியதால், எந்தத் தளம் என்பதைச் செயலி அறிய வேண்டிய தேவை குறைந்தது. பின்னர் டி.ஏ.ஓ., ஆர்.டி.ஓ., 1996இல் ஏ.டி.ஓ. எனப் பெயர்கள் அடுத்தடுத்து வந்தன. இவற்றின் வேறுபாடுகளை விரிப்பது இங்குத் தேவையற்றது. ஒன்றை மட்டும் குறிப்பிடலாம். டி.ஏ.ஓ.வில் ஒரே வினவலை 'டைனாசெட்' ஆகவோ 'ஸ்னாப்ஷாட்' ஆகவோ திறக்க முடியும். முன்னது பதிவுகளின் திறவுகளை மட்டும் வைத்திருந்து, காட்டும்போது தளத்திலிருந்து மதிப்பை எடுக்கும். பின்னது அந்நேரத்து நிலையைப் படியெடுத்து வைத்துக்கொள்ளும். ஒரே படிவத்தில் ஒரே பதிவைக் காணும் இரு பயனர்கள் வெவ்வேறு மதிப்புகளைக் காண்பது இதனால் இயல்பாயிற்று.

பூட்டுதலிலும் இத்தகைய விளைவுகள் இருந்தன. ஜெட் பொறியின் தொடக்கப் பதிப்புகள் தனிப் பதிவைப் பூட்டவில்லை. அப்பதிவு அமைந்த 2048 பைட்டுப் பக்கத்தையே பூட்டின. ஒருவர் தம் பதிவைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் அருந்தச் சென்றால், தொடர்பே இல்லாத அண்டைப் பதிவுகளும் பிறருக்கு அடைபட்டன. 2002இல் வந்த ஏ.டி.ஓ. டாட்நெட் எதிர்த்திசையில் சென்றது. தரவை எடுத்தவுடன் இணைப்பை முறித்துக்கொண்டு, நினைவகத்திலுள்ள படியைப் படிவத்தில் காட்டி, சேமிக்கும்போது மட்டும் மீண்டும் இணையும். இடையில் வேறொருவர் அதே பதிவை மாற்றியிருந்தால் பிழை எழும். டிபேஸ் நிரலர் நினைவக மாறியில் செய்த அதே வேலை, இருபது ஆண்டுகள் கழித்து அமைப்பின் பொதுவிதியாகத் திரும்பி வந்தது எனலாம்.

எழுத்துருவுக்குள் இருந்த தமிழ்

இதுவரை கூறிய வரலாறு முழுவதும் ஓர் எழுத்து ஒரு பைட்டு என்ற எடுகோளின்மீது நிற்பது. தமிழ் அதற்குள் நுழைந்தபோது படிவத்தின் உண்மையான பங்கு வெளிப்பட்டது.

முதல் தீர்வு வன்பொருளில் வந்தது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கி, புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை கணினிக்குள் செருகப்பட்டது. டிபேஸ் போன்ற செயலிகள் தாம் இந்திய மொழியில் இயங்குவதை அறியாமலே இயங்கின. கோப்பில் சேர்ந்தது இஸ்கி குறிமுறை. அதனை எழுத்து வடிவமாகத் திரையில் வரைந்தது அட்டை. இங்குக் கோப்பு தன்னளவில் பொருளுடையதாக இருந்தது.

விண்டோஸ் காலத்தில் நிலை தலைகீழாயிற்று. ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்த எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீட்டு அமைப்பு ஒன்றைக் கொண்டிருந்தது. அக்குழப்பத்தைத் தீர்க்கத் திஸ்கி உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் ஆகிய குறிமுறைகளைத் தமிழக அரசு ஏற்றது. இவை ஒழுங்கைத் தந்தன. ஆயினும் இவையும் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவையே.

வடிவக் குறிமுறையில் 'கொடி' என்னும் சொல் ஒற்றைக் கொம்பில் தொடங்கும். ககரம் அதன் பின்னரே வரும். செடி, பெண், மொழி ஆகியவற்றின் முதற்குறியும் அதே கொம்புதான். எனவே அகரவரிசைப்படுத்துமாறு தளத்தைக் கேட்டால் இவையனைத்தும் ஒரே இடத்தில் திரளும். 'கல்' வேறெங்கோ நிற்கும். ககரத்தில் தொடங்கும் பெயர்களைத் தேடினால் 'கொற்றவன்' அகப்படமாட்டான். எஸ்.கியூ.எல். தவறு செய்யவில்லை. தன்னிடமிருந்த குறிகளை அது சரியாகவே அடுக்கியது.

இவ்விடத்தில் இக்கட்டுரையின் மையச் செய்தியைக் கூறலாம். இத்தகைய தரவுக் கோப்பில் எந்த எழுத்துருவால் அது எழுதப்பட்டது என்ற செய்தி இல்லை. அச்செய்தி படிவத்தில், உரைப்பெட்டியின் எழுத்துருப் பண்பில் மட்டுமே இருந்தது. கோப்பில் கிடப்பவை ஐரோப்பியக் குறிகள்; அவற்றைத் தமிழாக்குவது படிவம். செயலி அழிந்து கோப்பு மட்டும் எஞ்சினால், பைட்டுகள் ஒன்றுகூடக் குறையாத நிலையிலும் தரவு இழக்கப்பட்டதாகிறது. தளமே பொருள், படிவம் முகப்பு என்ற பாகுபாடு இங்கு நிற்கவில்லை.

கேள்விக்குறியாதல்

தமிழுக்கு ஒருங்குறியில் 1991இன் முதற் பதிப்பிலேயே இடம் தரப்பட்டிருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு தமிழை ஏற்றது. ஆனால் ஐரோப்பிய மொழிகளுக்கும் அரபு, தாய் போன்றவற்றுக்கும் இருந்த பழைய ஒருபைட்டுக் குறிப்பக்கம் தமிழுக்கு வகுக்கப்படவில்லை; தமிழ் ஒருங்குறியால் மட்டுமே இயங்கும். ஒருங்குறியை அறியாத செயலிகளுக்கு இதன் விளைவு கடுமையாக இருந்தது.

1998இன் விசுவல் பேசிக் 6 தன்னுள்ளே சரங்களை இருபைட்டு ஒருங்குறியாகவே வைத்திருந்தது. ஆக்செஸ் 2000இன் தளமும் ஒருங்குறியைச் சேமித்தது, எஸ்.கியூ.எல். சர்வர் 7இல் அதற்கெனத் தனிப் புலவகைகள் வந்திருந்தன. இணைப்பின் இரு முனைகளிலும் தமிழ் பாதுகாப்பாக இருந்தது. இடையிலிருந்த உரைப்பெட்டி மட்டும் பழைய குறிப்பக்கத்தில் இயங்கியது. தளத்திலிருந்து வந்த 'மீனாட்சி' பெட்டியை அடையும்போது கேள்விக்குறிகளின் வரிசையாக மாறியது. காட்சிப் பிழையோடு இது நின்றிருந்தால் பெரிதில்லை. பிணைக்கப்பட்ட பெட்டியில் பயனர் ஏதேனும் ஓரிடத்தைத் தொட்டுத் திருத்திவிட்டு அம்பை அழுத்தினால், அக்கேள்விக்குறிகளே தளத்துக்குத் திரும்பிச் சென்று சேமிக்கப்படும். ஒருமுறை அவ்வாறு எழுதப்பட்ட புலத்திலிருந்து மூலத்தை மீட்க வழியில்லை, ஏனெனில் எல்லா எழுத்துக்கும் ஒரே குறி. எழுத்துருக் குறிமுறைத் தரவைத் திறவு கிடைத்தால் படிக்கலாம். கேள்விக்குறியான தரவுக்குத் திறவு என்பதே கிடையாது.

எஸ்.கியூ.எல். சர்வரில் மற்றொரு பொறி இருந்தது, இன்றும் இருக்கிறது. வினவலுக்குள் தமிழ்ச் சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் எழுதும்போது அதன் முன் 'என்' என்ற ஆங்கில எழுத்தை இட மறந்தால், புலம் ஒருங்குறி வகையாக இருந்தாலும் கேள்விக்குறிகளே சேரும். டாட்நெட்டின் படிவங்கள் 2002 முதலும் டெல்ஃபியின் படிவங்கள் 2009ஆம் பதிப்பு முதலும் ஒருங்குறியை ஏற்றன. விசுவல் ஃபாக்ஸ்புரோ இறுதிவரை ஏற்கவில்லை. அதன் 9ஆம் பதிப்புக்குப் பின் புதிய பதிப்பு வராது என்று 2007இல் அறிவிக்கப்பட்டது.

ஒருங்குறி வந்தபின்னும் வரிசைச் சிக்கல் முற்றும் தீரவில்லை. குறியெண்ணை மட்டும் கொண்டு அடுக்கினால் றகரம் லகரத்துக்கு முன்வரும். எனவே 'மறம்' முந்தி 'மலர்' பிந்தும். புள்ளியின் குறியெண் உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னுள்ளதால் 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னும் அமையும். அகராதி மரபு இதற்கு நேர்மாறானது. முறையான வரிசை விதிகளைத் தளத்தில் தேர்ந்தெடுத்தாலன்றி இது திருந்தாது. 2010 சூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுக் காலத்தில், ஒருங்குறியோடு தமிழ் அனைத்து எழுத்துக் குறியாக்கத்தையும் அரசு ஏற்றதன் பின்னணியில் இத்தகைய குறைகளும் இருந்தன. அக்குறியாக்கத்தில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக் குறியெண் உண்டு.

புல அகலத்தின் சிக்கலும் இதனோடு சேர்ந்தது. 'மீனாட்சி' தமிழ் இலக்கணப்படி 4 எழுத்து. ஒருங்குறியில் அது 8 குறியெண்கள், யு.டி.எஃப்.-8 வடிவில் 24 பைட்டுகள். பெயருக்கு 20 பைட்டு ஒதுக்கிய பழைய அட்டவணைக்கு இது அடங்காது. தொல்காப்பியம் எண்ணும் எழுத்தும் தரவுத்தளம் எண்ணும் எழுத்தும் வேறுவேறு என்பதைப் பல நிரலர்கள் பெயர்கள் அறுபட்ட பின்னரே அறிந்தனர்.

ஒரு நேர்வு

ஆய்வின் பொருட்டு ஒரு நூலகத்தின் சுவடிப் பட்டியலைப் பார்க்க நேர்ந்தது. 1990களின் இறுதியில் தட்டப்பட்ட அப்பட்டியலின் தரவுக் கோப்பு பழுதின்றி இருந்தது; செயலி இயங்கவில்லை. கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள். எந்த எழுத்துரு என்பதை அங்கு எவராலும் கூற முடியவில்லை. தட்டியவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 'பயனற்றது' என்று எழுதி ஒதுக்கப்பட்டிருந்த வட்டுகளில் ஒன்றில் செயலியின் மூலநிரல் இருந்தது. விசுவல் பேசிக்கின் படிவக் கோப்பு வெற்றுரை வடிவிலானது. எந்த உரைத்தொகுப்பியிலும் திறக்கலாம். நூற்பெயருக்கான பெட்டியின் பண்புகளுக்கிடையே எழுத்துருவின் பெயர் ஒரு வரியாக இருந்தது. ஆசிரியர் பெயருக்கான பெட்டியிலும் அதே பெயர். குறிப்புகளுக்கான பெட்டியில் மட்டும் வேறோர் எழுத்துரு. முதலிரண்டு புலங்களையும் ஒருங்குறிக்கு மாற்ற அந்த ஒரு வரி போதுமானதாயிற்று. மூன்றாவதற்குத் தனி மாற்றி எழுத வேண்டியிருந்தது.

பின்னொரு காலத்தில் யாரோ அக்கோப்பின் படி ஒன்றை ஒருங்குறிக்கு மாற்ற முயன்று, பழைய படிவத்தின் வழியாகவே சில பதிவுகளைத் திருத்தியும் இருக்கிறார். அப்படியின் குறிப்புப் புலத்தில் அப்பதிவுகளுக்கு நேரே கேள்விக்குறிகள் மட்டுமே உள்ளன. மூலக் கோப்பு எஞ்சியிருந்ததால் அவற்றின் பழைய வடிவத்தைப் படிக்க முடிந்தது. அவர் என்ன திருத்தினார் என்பதைப் படிக்க முடியவில்லை.